தலைக்கு மேல் ஒருவர்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் வரிசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்டவர்களும் வலைப்பதிவு எழுதிக் குவிக்கும் ஒரு தளத்தில் அவருக்கு வேலை. அதன் முகப்பில் எப்போது பார்த்தாலும் அதே பிரபலங்கள்தான் சட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக எழுத வந்தவர்களின் பக்கங்களோ காற்று வாங்கும். அந்தப் பக்கங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துழாவி, வாரம் ஒரு பதிவை எடுத்து, ‘கடைசி வரிசை’ என்ற பெயரில் வெள்ளிக்கிழமை மாலை முகப்பில் ஏற்றுவது அவர் பொறுப்பு.

அதில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். பதிவைத் தேர்ந்தெடுத்து அனுப்பும்வரை எழுதியவர் யார், என்ன என்று எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். பார்த்தால் மச்சான் மகள், பழைய மேலாளரின் மருமகன் என்று ஏதாவது ஒட்டு உறவு வந்து தொற்றிக்கொள்ளும். இந்தக் கட்டுப்பாட்டில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் ஆளைக் கவிழ்த்தது.

புதன்கிழமை காலை வீட்டு மேசையில் உட்கார்ந்து, ‘தலைக்கு மேல் ஒருவர்’ என்ற பதிவைத் திறந்தார். மாடிவீட்டில் இருக்கும் ஒரு மனிதரை, மேலேயிருந்து வரும் சத்தங்களை மட்டும் வைத்து ஒரு பெண் எழுதியிருந்தாள். முதல் பத்தியிலேயே சிரிப்பு பீறிட்டது. இரண்டாவது பத்திக்குச் சிரித்த சிரிப்பில், சக்கரம் வைத்த அவருடைய நாற்காலி அவரையும் சுமந்துகொண்டு பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் மோதியது.

“இங்க வாயேன், இதைக் கேளு!” என்று கத்தினார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கிளம்பும் அவசரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “அங்கிருந்தே படிங்க, காது கேக்குது.”

“‘அவர் கால்சட்டை போடும் நேரம் எனக்குத் தெரியும். ஒரு கால் உள்ளே போனதும் ஒற்றைக் காலில் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். என் தேநீரில் அலை அடிக்கும்.’ எப்படி?”

“ம்.”

“இதைக் கேளு. ‘குளிக்கும்போது ஒரு பாட்டின் இரண்டு வரிகளைப் பாடுவார். மூன்றாவது வரிக்குப் போனதே இல்லை. ஒரு பாட்டை முடிக்கத் தெரியாதவரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறதே என்று எனக்குக் கவலையாக இருக்கும்.’”

அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

“அந்த ஆளோட பொண்டாட்டியைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காளா?”

“இல்லாமலா? ‘அவர் மனைவியின் காலடிச் சத்தம் கேட்டதே இல்லை. அந்த வீட்டில் தரையில் கால் படாமல் நடக்கும் ஒரு தேவதை இருக்கிறாள்.’”

“ரொம்ப நல்லா எழுதுறா” என்று சொல்லிவிட்டு மனைவி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பு போடும்போது அவள் தோள் குலுங்கியதை அவர் கவனிக்கவில்லை.

சுடச்சுட அறிமுகக் குறிப்பை எழுதினார். ‘தன்னைப் பற்றி எதுவுமே தெரியாத ஓர் அப்பாவியை இவ்வளவு பிரியத்தோடு கிண்டல் செய்ய எல்லோராலும் முடியாது. படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு உருண்டு சுவரில் மோதினேன்.’ அனுப்பினார். அனுப்பியதோடு நிற்காமல் தளத்தின் தலைமை ஆசிரியரையும் போனில் பிடித்து, அந்த அம்மாளுக்கும் ஒரு பாட்டம் படித்துக் காட்டினார்.

மறுநாள் காலை குளிக்கப் போனார். தண்ணீர் தலையில் விழுந்ததும் வழக்கம்போல் பாட்டு வந்தது. முதல் வரி. இரண்டாவது வரி. அப்புறம் மறுபடியும் முதல் வரி.

சோப்புக் கை அப்படியே நின்றது. மூன்றாவது வரியை யோசித்தார். தலைகீழாக நின்றாலும் அது வருவதாக இல்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரக்காலோடு ஓடி, எழுதியவளின் அறிமுகப் பக்கத்தைத் திறந்தார். ‘பகலில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன்.’ கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்! படிக்கட்டில் ஒருநாள் பார்த்தபோது, “சார், உங்க கண்ணாடி கோணலா இருக்கு” என்று சொன்னவள்.

“உனக்கு நேத்தே தெரியுமா?” என்றார் மனைவியிடம்.

“ஒத்தைக் கால்ல சுத்தும்போதே தெரியும்.”

“அப்ப சொல்ல வேண்டியதுதானே!”

“அவ்வளவு சந்தோஷமா சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்? அதுவுமில்லாம, தேவதை எல்லாம் குறுக்க பேசமாட்டாங்க.”

பதிவில் மாடிவீட்டு ஆளின் நாற்காலி உருளும் சத்தமும் வந்திருந்தது. காணொளிக் கூட்டங்களில் அவர் நாற்காலி உருளும் சத்தத்தைக் கேட்காதவர் அலுவலகத்தில் இல்லை. பதிவு முகப்பில் ஏறினால் மானம் கப்பலேறிவிடும். உடனே போனை எடுத்தார்.

“மேடம், இந்த வாரத்துக்கு வேற ஒண்ணு போட்டுடலாமா? இதுல இன்னும் கொஞ்சம் முதிர்ச்சி வரணும்.”

“நேத்து போன்ல மூச்சு விடாம சிரிச்சீங்களே சார்?”

“அது நேத்து.”

“இந்த மாசத்தோட அந்தப் பொண்ணு புதுசுங்கிற கணக்குல இருந்து வெளிய போயிடுவா. அப்புறம் நீங்களே ஆசைப்பட்டாலும் போட முடியாது. பார்த்துக்கோங்க. மாத்தறதா இருந்தா சாயந்தரத்துக்குள்ள காரணத்தோட அனுப்புங்க.”

காரணத்துக்கு எங்கே போவது? அவளுடைய மற்ற பதிவுகளில் ஏதாவது ஓட்டை கிடைக்காதா என்று மறுபடி அவள் பக்கத்துக்கே போனார். நேற்றே புதிதாக ஒன்று எழுதியிருந்தாள். படித்தவர் யாரும் இல்லை.

‘காலையில் மாடியில் அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. நின்றுவிட்டது என்று நினைத்தால் திரும்பவும் ஆரம்பித்தது. நடுவில் எதுவோ சுவரில் இடித்தது. யாருக்கோ எதையோ படித்துக் காட்டிக் காட்டிச் சிரித்தார். சொற்கள் கேட்கவில்லை. அதை எழுதியது யாரோ, கொடுத்துவைத்தவர். என் எழுத்துக்கு ஒரே ஒரு முறை அப்படி ஒரு சிரிப்பு கிடைத்தால் போதும், நான் எழுதிக்கொண்டே இருப்பேன். கிடைக்காது என்று இப்போது தெரிகிறது. இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.’

இரண்டு முறை படித்தார். தன் மானத்துக்குப் பயந்து இவள் வாயை மூடப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. இவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, கிடைத்தது இவளுக்குத்தான் தெரியவில்லை.

மறுபடி போன் செய்தார். “மேடம், மாத்த வேண்டாம்.”

“முதிர்ச்சி வரணும்னீங்க?”

“வந்துடுச்சு.”

“அதுக்குள்ளயா? அவளுக்கா?”

“எனக்கு” என்று வைத்துவிட்டார். குறிப்பில் ‘அப்பாவி’ என்ற இடத்தை மட்டும் மாற்றலாமா என்று யோசித்தார். பொய்யில்லையே என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பதிவு முகப்பில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் குவிந்தார்கள். ‘எங்க வீட்டு மாடியிலும் இப்படி ஒரு ஜென்மம்’ என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ‘அந்த நாற்காலி எங்களுக்கும் தெரியுமே சார்’ என்று தலைமை ஆசிரியர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்.

கீழே பாத்திரம் ஒன்று தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கதவு திறக்கும் சத்தம். அப்புறம் படிக்கட்டில் தடதடவென்று ஒரு ஓட்டம்.

கதவைத் திறந்தபோது கீழ்வீட்டுப் பெண் கையில் போனோடு நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது, முகம் வெளுத்திருந்தது. சண்டை போட வந்தாளா, மன்னிப்புக் கேட்க வந்தாளா என்று அவருக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

“சார்... நீங்கதான்னு... சத்தியமா எனக்கு...” என்று இழுத்தாள்.

“உள்ள வாம்மா” என்று மனைவி அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். “அந்தத் தேவதை நான்தான்.”

“ஐயோ அக்கா!” அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு போனைத் தூக்கிக் காட்டினாள். “சார், சுவத்துல மோதினேன்னு எழுதியிருக்கீங்க. புதன்கிழமை காலையில சிரிச்சீங்களே... அது?”

“உங்களுக்குத்தாம்மா. அவ்வளவு சிரிப்பும் உங்களுக்குத்தான்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட மறந்து ஒரு அடி முன்னால் வந்தாள்.

“எந்த வரிக்கு சார்?”

“அந்த ஆளுக்குப் பாட்டை முடிக்கத் தெரியாதுன்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு” என்றார். சொல்லும்போதே அவருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை அவள் அதைப் பக்கத்தில் நின்று கேட்டாள்.