கலந்து பேசி முடிவு செய்யவும்

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனைக் காத்திருப்பறையில், என் முதுகுவலியில் பிறந்தது. [பொய். முதுகுவலி என் மனைவிக்கு. நான் துணைக்குப் போனவன். ஆனால் ‘என் முதுகுவலியில்’ என்று எழுதினால் ஒரு தியாகிக் களை வருகிறது, அதனால் அப்படியே விட்டுவைக்கிறேன்.]

கைப்பேசியில் சார்ஜ் இல்லை. எதிரே அடுக்கியிருந்த துண்டுப் பிரசுரங்களில் ஒன்றை உருவினேன். ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஆண்களுக்கானது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, அதனால் இன்ன நன்மை, இன்ன கெடுதல் என்று இரண்டு பக்கம் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சரி, எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று நான் நாற்காலி நுனிக்கு வந்த நேரத்தில் கடைசி வரி வந்தது: ‘உங்கள் மருத்துவரிடம் கலந்து பேசி முடிவு செய்யவும்.’

எனக்கு வந்ததே கோபம். இதைச் சொல்லவா இரண்டு பக்கம்? இந்த வரியை எழுதிய ஆள் யாராக இருக்கும், வீட்டில் அவரிடம் ‘இன்றைக்கு மழை வருமா’ என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து, அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். நையாண்டி செய்வதுதான் உத்தேசம்.

உத்தேசம் நடக்கவில்லை. ஏன் என்பதுதான் மீதி.

2

முதல் தொடக்கம்:

‘குளிரூட்டிய அறையில், உயிரற்ற கண்களோடு ஏழு நிபுணர்கள்...’

அடித்துவிட்டேன். உயிரற்ற கண்களோடு இதுவரை நான் யாரையும் பார்த்ததில்லை. மற்றவர்கள் கதைகளில் படித்ததோடு சரி.

இரண்டாவது தொடக்கம்:

‘மருந்துக் கம்பெனிக்காரரின் நீளமான கார் வாசலில் வந்து நின்றதும், குழுவின் தலைவர்...’

இதுவும் வேண்டாம். வில்லன் ஒருவர் வந்துவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம், வாசகருக்கும் யோசனை மிச்சம். உலகத்தில் அப்படிப்பட்ட கார்கள் இருக்கலாம். இந்தக் கதையின் வாசலில் நிற்க வேண்டாம்.

மூன்றாவது தொடக்கம்:

‘அறுவைச் சிகிச்சை நிபுணர் தேநீர் போட எழுந்தார்.’

இதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இது நின்றுவிட்டது. பெரிய நிபுணர் எதற்குத் தேநீர் போட எழ வேண்டும்? அதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் அந்த அறைக்குள் நுழைந்தேன்.

3

நோய்த்தடுப்பு வழிகாட்டிகளை எழுதும் குழு அது. தலைமை வகிப்பவரோடு சேர்த்து ஏழு பேர். எந்த வயதில் யாருக்கு எந்தப் பரிசோதனை செய்யலாம், எது வீண் வேலை என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைப் படித்துப் பார்த்துச் சொல்வது இவர்கள் வேலை. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற மருத்துவர்களிடம் நோய் வந்தவர்கள் தாமே தேடி வருகிறார்கள். இவர்களோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் தெருவில் நடந்து போகிறவரைக் கைதட்டிக் கூப்பிட வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்று ஒரு பழமொழி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற இடுக்கில்தான் இவர்கள் நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன.

குழுவின் தலைவர் ஒரு பெண். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. பொறுப்பேற்ற அன்றே அவர் ஒரு சட்டம் போட்டார். கூட்டத்தில் யாராவது ‘எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்’ என்று பேச்சை ஆரம்பித்தால், அவர் எழுந்துபோய் எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும். கேலி மாதிரி தோன்றினாலும் காரணம் வலுவானது. லட்சம் பேரின் கணக்கு மேசைமேல் பேசாமல் கிடக்கும். ‘எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், பாவம், ரெண்டு சின்னப் பிள்ளைங்க’ என்று ஒருவர் தொண்டை கரகரக்கச் சொன்னால் போதும், ஏழு பேருக்கும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு வாய் அடங்காது. அதனால் குழுவிலேயே நல்ல தேநீர் போடுகிறவர் அவர்தான்.

[என்னை அந்த அறைக்குள் விட்டால் காலை முதல் மாலை வரை அடுப்பு முன்னால்தான் நிற்பேன். என் பிழைப்பே ‘எனக்குத் தெரிந்த ஒருவர்’தான்.]

புராஸ்டேட் பரிசோதனை விவாதத்துக்கு வந்த அன்று மூன்று பேர் ‘பரிந்துரைக்கலாம்’ என்றார்கள், மூன்று பேர் ‘கூடாது’ என்றார்கள். ஆயிரம் ஆண்கள் எடுத்துக்கொண்டால் ஒருவரோ இருவரோ சாவிலிருந்து தப்புவார்கள். அதைவிட எத்தனையோ பேர், வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே செய்திருக்காத கட்டிக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்படுவார்கள். எது மேல்? எல்லோரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள்.

“எதுக்குப் பயப்படறோம்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும்” என்றார் அவர். “சிலருக்குச் சாவுதான் பயம். சிலருக்குப் படுக்கைய நனைக்கறது அதைவிடப் பயம். எது பெரிசுன்னு அவங்களுக்குப் பதிலா நான் எப்படிச் சொல்ல முடியும்? தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுத எனக்கு மனசு வரல.”

அப்படித்தான் அந்த வரி பிறந்தது. அவரே கைப்பட எழுதினார். நான் நழுவல் என்று நினைத்தது ஒரு நேர்மையான மனுஷியின் நாள் முழுக்க நடந்த தவிப்பு என்று தெரிந்ததும், என் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள், இவர்களுக்கு யார் நன்றி சொல்வது? வராத நோய்க்காக எவரும் பழக்கூடையோடு வந்து கதவைத் தட்டுவதில்லை.

4

முதல் வரைவில் டாக்டரம்மாவுக்குக் குடும்பம் இல்லை. அது எனக்கு உறுத்தியது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர் எவ்வளவு வேண்டுமானாலும் நிதானமாக இருக்கலாமே? எனவே அவருக்கு ஒரு கணவரைக் கொடுத்தேன். வயது ஐம்பத்தெட்டு. [துண்டுப் பிரசுரத்தின் வயதுக்குப் பொருந்துகிறது அல்லவா? தெரிந்தேதான் செய்தேன். எழுத்தாளனிடம் இரக்கம் எதிர்பார்க்காதீர்கள்.]

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். ஊருக்கே அவர் வாத்தியார். அவர் வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இவர் மிதிப்பார். அந்தப் பழக்கத்தில், மனைவி ஓட்டுகிற சொந்தக் காரிலும் வலது கால் சும்மா இருக்காது.

“அங்க பிரேக் இல்லங்க.”

“எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியலையே.”

இவரைக் கதைக்காகத்தான் கொண்டுவந்தேன். இரண்டு பக்கம் எழுதுவதற்குள் பிடித்துப்போய்விட்டது. அதுதான் வம்பு.

வாத்தியாருக்கு ஒரு சிநேகிதர், டயர்க் கடை வைத்திருந்தவர். அந்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டார். கட்டி இருந்தது, அறுவைச் சிகிச்சையும் நடந்தது. இப்போது சிறுநீர் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் சோபாவில் உட்காராமல் மரநாற்காலி தேடுவார். ஆனாலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது ஒன்றுதான்: “அந்த டெஸ்ட்தான் என் உயிரக் காப்பாத்துச்சு. நீங்களும் எடுத்துடுங்க.”

காப்பாற்றியிருக்கலாம். அல்லது அந்தக் கட்டி அவரை ஒன்றுமே செய்யாமல் எண்பது தொண்ணூறு வயதுவரை தூங்கியிருக்கலாம். எது உண்மை என்று அவருக்கும் தெரியாது, அறுத்தவருக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ‘உங்க உயிர அது காப்பாத்தாமலும் இருந்திருக்கலாம்’ என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? அவரைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்த டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு அப்போது அழுகை வந்தது.

5

டயர்க்காரர் வீட்டிலிருந்து திரும்பும் வழி. டாக்டரம்மா ஓட்டுகிறார்.

“நானும் அந்த டெஸ்ட எடுத்துடட்டுமா?” என்றார் வாத்தியார்.

“ஐம்பத்தஞ்சு வயசுக்கு மேல உள்ள ஆண்கள்ல, ஆயிரம் பேர் எடுத்துக்கிட்டாங்கன்னு வைங்க...”

“ஆயிரம் பேர் எங்க வந்தாங்க? வண்டில நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்.”

“சொல்றதக் கேளுங்க. நன்மையும் இருக்கு, கெடுதலும் இருக்கு. ரெண்டையும் யோசிச்சு, உங்க டாக்டரோட கலந்து பேசி...”

“இதேதான் அந்தத் தாள்லயும் போட்டிருக்கு. கிளினிக்ல குடுத்தாங்க. எவனோ நல்லா நழுவத் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்.”

சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி நின்றது.

“நான்தான் எழுதினேன்.”

நிற்கிற வண்டியில் வாத்தியாரின் கால் தரையை மிதித்தது.

“எல்லாத்தையுமா?”

“கடைசி வரிய.”

“அதத்தான் நானும் சொன்னேன்.”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வாத்தியார் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “சரி, கலந்து பேசணும்னு நீயே எழுதியிருக்க. நான் கேட்டுட்டேன். உன் மனசுல என்ன இருக்கு, சொல்லு.”

பச்சை விளக்கு வந்தது. டாக்டரம்மா வண்டியை எடுத்தார். லட்சம் ஆண்களைப் பற்றி அவரிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேசக் கூடாது என்று வருஷக்கணக்காகத் தனக்கே கட்டளை போட்டு, அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. தவிர, தப்பாகச் சொல்லிவிட்டால்? இந்த மனிதரும் நாளைக்கு மரநாற்காலி தேடினால்? வேண்டாம் என்று சொல்லி, அந்த ஆயிரத்தில் ஒருவர் இவராக இருந்துவிட்டால்?

“வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.”

வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு எடு, தண்ணீர் கொடு என்பதோடு சரி. அந்த வாரக் கடைசியில் வாத்தியார் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: “டாக்டர்கிட்ட பேசிட்டேன். எடுக்கறதுன்னா எடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டார். வேற டாக்டர்.”

அந்த ‘வேற’ டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கும்தான்.

6

இனி முடிவு வர வேண்டும். நான்கு எழுதிப் பார்த்தேன்.

அ) வாத்தியார் பரிசோதனை செய்துகொள்கிறார். ஆபத்தான கட்டி, ஆரம்பத்திலேயே அகப்பட்டது, பிழைத்தார். படித்தவர்கள் எல்லோரும் நாளைக்கே ரத்தம் கொடுக்க ஓடுவார்கள்.

ஆ) செய்துகொள்கிறார். டயர்க்காரரின் கதியே அவருக்கும். படித்தவர்கள் மருத்துவ உலகத்தையே சபிப்பார்கள்.

இ) செய்துகொள்ளவில்லை. ஒரு நாள் இடுப்பெலும்பில் வலி என்று படுத்தவர்...

போதும். ஒரு ஆளைச் சாகடித்து ஒரு கருத்தை நிலைநாட்டுவது எங்கள் தொழிலில் சர்வசாதாரணம். டாக்டரம்மா இதைப் படித்தால், “உங்க ஆய்வுல மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்பார். ஒருத்தர்தான் என்று அசடு வழிவேன். “போய் டீ போடுங்க” என்பார்.

ஈ) அடுத்த கூட்டத்தில் டாக்டரம்மா எழுந்து, தழுதழுத்த குரலில் ‘எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்’ என்கிறார். அறை அமைதியாகிறது. அவரே தேநீர் போடப் போகிறார். ஆறு பேரும் பின்னாலேயே போகிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால் சந்தேகம் வந்து மறுபடி படித்தேன். அந்த அறையில் வாத்தியார் இல்லை! சொல்ல வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடம் சொல்லாமல், ஊரார் முன்னால் உருகி என்ன புண்ணியம்? கிழித்துவிட்டேன்.

7

ரத்தப் பரிசோதனை நிலையம். வரிசையாக இரும்பு நாற்காலிகள். வாத்தியார் தனியாகத்தான் வந்தார். டாக்டரம்மா பின்னாலேயே வந்து, கேட்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் ஒரு மின்விசிறி எவருக்கும் காற்று வராத திசையில் சுற்றிக்கொண்டிருந்தது.

“என்னங்க.”

“ம்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

வாத்தியார் திரும்பினார். நோயைப் பற்றி இந்த வாயிலிருந்து ‘பயம்’ என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை.

“என் இடத்துல இருந்தா நீ என்ன பண்ணுவ?”

“எடுக்க மாட்டேன்” என்றார் டாக்டரம்மா, யோசிக்காமல். “நிஜமாத்தான் சொல்றேன்.”

“அப்ப எழுந்து போயிடலாமா?”

“இருங்க. நான் உங்க இடத்துல இல்லையே. உங்க பக்கத்துலதான இருக்கேன். பக்கத்துல இருக்கறவளுக்கு எடுத்துடுங்கன்னு தோணுது. ஏன்னு கேட்டா என்கிட்ட கணக்கு இல்ல.”

வாத்தியார் கையிலிருந்த எண் சீட்டை இரண்டாக மடித்தார்.

“நல்லாக் குழப்பிட்ட.”

“ஆமா.”

“பரவால்ல. இத்தனை நாளா தனியாக் குழம்பிட்டு இருந்தேன்.”

அவர் கையை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். வாத்தியார் இன்னும் எழுந்திருக்கவில்லை.

‘முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன்’ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவலாம் என்றிருந்தேன். அந்த அம்மா இவ்வளவு சொன்ன பிறகு எனக்குக் கூசுகிறது. ஆகையால் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். படித்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால், எழுந்து வீட்டுக்குப் போங்கள் வாத்தியாரே என்றுதான் சொல்வேன். ஆனால் இந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. உள்ளே போய்விட்டு வந்துவிடட்டுமே என்றும் மனசு அடித்துக்கொள்கிறது. இரண்டும் உண்மை.

இரண்டாவது தடவையாக எண்ணைக் கூப்பிடுகிறார்கள். வாத்தியார் இப்போது உங்களைப் பார்க்கிறார். போகச் சொன்னாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, ஏதாவது சொல்லுங்கள். ‘அது உங்க இஷ்டம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள்.