தடித்த தண்டு

வேலையை விட்ட பிறகும் வெல்டர் தினம் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வீட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டுதான் இருந்தான். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவான். சாயங்காலம் உழைத்துக் களைத்தவன் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவான். பட்டறை முதலாளியின் மனைவியைக் கடையில் பார்த்தபோதுதான் அவன் பெண்டாட்டிக்கு விஷயமே தெரிந்தது. அவள் கத்தவில்லை. துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

போவதற்கு முன் அவனை வீட்டுக்குப் பின்னால் இருந்த பசுமைக்குடிலுக்கு இழுத்துப் போனாள். இரும்புக் குழாயை வளைத்து அவனே பற்றவைத்துக் கட்டியது. மேலே பிளாஸ்டிக் தாள். உள்ளே அவள் நாற்றுப் பண்ணையில் சொல்லிவைத்து வாங்கிய தக்காளி நாற்றுகள் இரண்டு வரிசையாக நின்றன. நட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"ஹைப்ரிட். குளிரும் தாங்கும், நோயும் லேசுல அண்டாது. தண்ணி ஊத்துங்க. இலைக் கக்கத்துல முளைக்கிறதை எல்லாம் கிள்ளிடுங்க. ஒரே தண்டுதான் கயித்தைப் பிடிச்சு மேல போகணும். புரியுதா?"

"புரியாம என்ன, நான் என்ன கைக்குழந்தையா?"

"இதையாவது ஒழுங்கா வெச்சிருங்க. பழுக்கிற சமயத்துல வந்து பார்க்கறேன். பார்த்துட்டு, இருக்கறதா போறதான்னு சொல்றேன்."

தக்காளி பழுத்தால் பெண்டாட்டி வருவாள். கணக்கு அவ்வளவுதான்.

அவள் போன கையோடு குளிர் பிடித்துக்கொண்டது. நாற்றுகள் மலைத்துப் போய் நின்றன. உச்சி இலை சுருண்டது. ஒவ்வொரு செடியிலும் மண்ணுக்குச் சற்று மேலே சின்ன பிளாஸ்டிக் கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. முறியாமல் இருக்கப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். கொஞ்ச நாளில் அந்தக் கிளிப்புக்குக் கீழேயிருந்து ஒரு துளிர் கிளம்பியது. நல்ல கனம், கருகருவென்று இலை. மேலே இருந்த நோஞ்சான் தண்டு ஒரு விரல் நீள்வதற்குள் இது ஒரு முழம் போயிருந்தது. அடுத்த செடியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஒரே தண்டு என்று சொல்லியிருக்கிறாள். எதை வைப்பது, எதை வெட்டுவது? இதற்கு யோசனை வேறு வேண்டுமா? கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து, நோஞ்சானை எல்லாம் நறுக்கித் தள்ளிவிட்டு, தடித்ததைக் கயிற்றில் ஏற்றினான்.

அதன் பிறகு செடிகள் வெறிபிடித்த மாதிரி வளர்ந்தன. வயரிங் வேலை பார்க்கும் மைத்துனன் ஒரு நாள் எட்டிப்பார்த்தவன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டே நின்றான்.

"என்ன மாமா, தக்காளி போட்டீங்களா, பந்தல் போட்டீங்களா?"

"உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லு."

"சொல்லாமலா? ஆனா நம்ப மாட்டா. டப்பாவைக் கழுவிக் கழுவிக் குடுத்து ஏமாந்தவ இல்லையா?"

அன்று பெண்டாட்டியே போன் செய்தாள்.

"எப்படி இருக்கு?"

"கூரையை முட்டுது."

"நிஜமாவா? ஒரு போட்டோ அனுப்புங்க."

"போட்டோ எதுக்கு? நேர்ல வந்து பாரு. அசந்துடுவே."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

காய்த்தது. கோலிக்குண்டு அளவுதான், பச்சை, தொட்டால் மேலெல்லாம் சுணை. பழுக்கட்டும் என்று காத்திருந்தான். பழுக்கிற பாட்டைக் காணோம். ஒருமுறை கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தான். 'இதுகூடத் தெரியலையா' என்பாள். போனைக் கீழே வைத்தான்.

பழுக்கும் சமயம் என்று நாள் கணக்குப் பார்த்து, மைத்துனனின் வண்டியில் அவள் வந்து இறங்கினாள். கையில் கொண்டுபோன அதே பை. வெல்டர் முன்னால் ஓடிக் குடிலின் கதவைத் திறந்துவிட்டான்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. காயைத் தொட்டாள், இலையைக் கசக்கி மோந்தாள். பையைப் போட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டு, அடியில் குவிந்திருந்த சருகை ஒதுக்கினாள். தண்டு வீங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் காய்ந்த குச்சி ஒன்று விரல்நுனி நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுல ஒரு தண்டு இருந்துச்சே?"

"ஆமா, நோஞ்சானா இருந்துச்சு. நறுக்கிட்டேன்."

"இந்தச் செடியில மட்டுமா?"

"எல்லாத்துலயும்தான்."

மண்டியிட்டபடியே அடுத்த செடிக்கு நகர்ந்தாள். அதிலும் குச்சி. அதற்கடுத்தது. வரிசையின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுதாங்க தக்காளி."

"எது?"

"நீங்க நறுக்கினது. அடியில இருக்கறது காட்டு ரகம். வேர் வலுவா இருக்கட்டும்னு அதைக் கீழ வெச்சு, மேல நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டியிருக்காங்க. நீங்க தக்காளியை வெட்டி எறிஞ்சிட்டு வேரை வளர்த்திருக்கீங்க."

"ரெண்டு செடியா?"

ஆயுசு முழுக்க இரும்போடு இரும்பை ஒட்டவைத்தே சோறு தின்றவன். தினமும் குனிந்து தண்ணீர் ஊற்றிய இடத்தில் ஒரு இணைப்பு இருந்தது என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

மைத்துனன் களுக்கென்று சிரித்துவிட்டான். "மாமா, களையைப் போய்க் கயிறு கட்டி..."

"நீ மூடு," என்றாள் அவள். "நீயும்தானே வந்து பார்த்தே? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எனக்குக் கரண்டுதான்க்கா தெரியும். சரி, ஒட்டுக் கட்டினதுன்னு நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"கிளிப் மாட்டியிருக்கு. பத்து வீட்டுக்கு ஜன்னல் பத்தவெச்சவருக்கு அதைப் பார்த்தா தெரியாதா?" என்றவள் புருஷன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "நான் என்ன நினைச்சு வந்தேன் தெரியுமா? செடி எப்பவோ செத்திருக்கும், வழக்கம்போல புளுகறீங்கன்னு. நீங்க புளுகவே இல்ல. இத்தனை நாள் நிஜமாவே இதைத்தான்... காய் பழுக்கலையேன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

சிக்னல் இல்லை, போன் தண்ணீரில் விழுந்தது, மைத்துனன்தான் சரி என்றான். பொய்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. வெல்டர் அவற்றை விழுங்கினான்.

"போனை எடுத்தேன். கேவலமா இருந்துச்சு. வெச்சிட்டேன். எனக்குத் தெரியலைம்மா. இப்ப என்ன செய்யறதுன்னும் தெரியலை. நீ சொல்லு."

அவள் அவனையே பார்த்தாள். தெரியலை என்று அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. மெதுவாக எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். மைத்துனனுக்குத்தான் பயமாகிவிட்டது. "அக்கா?" என்றான்.

"பிடுங்குங்க," என்றாள். "ஒண்ணு விடாம."

வெல்டர் முதல் செடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தான். மைத்துனன் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுக்க, மண்ணோடு பிய்ந்து வந்தது. இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். வேர் ஆள் கை நீளம் இருந்தது.

"என்னா வேருடா சாமி!" என்றான் மைத்துனன்.

"இதுக்குத்தான்டா அதைக் கீழ வெச்சது," என்றாள் அவள். வேரைத் தூக்கி ஓரமாக எறிந்தாள். "பெரியக்காவுக்குப் போன் போட்டு, இன்னிக்கு நான் வரலைன்னு சொல்லு."

"இன்னிக்கு மட்டுமா, இனிமேலுமான்னு கேப்பாளே."

வெல்டர் மண்ணில் கிடந்தபடியே அவள் வாயைப் பார்த்தான்.

"இன்னிக்குன்னா இன்னிக்குதான்," என்றாள். "எந்திரிங்க. அடுத்தது."