கசப்புக்குப் போட்ட சீனி

சிவநேசன் காருக்குள் வந்து உட்காரச் சொன்னபோது தனுஜாவின் காற்சட்டையிலிருந்து அணைத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இருக்கை நனையுமே என்று துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். அவர் டிராகன் படகு அணியின் மேலாளர். நல்லதோ கெட்டதோ, படகுத்துறையில் நின்று எல்லார் காதிலும் விழும்படி கத்திச் சொல்லியே பழகியவர். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தேர்வுப் போட்டி அன்னிக்கு சிறுநீர் எடுத்தாங்கள்ல. உன்னோடதுல மருந்து இருக்குன்னு வந்திருக்கு."

"என்ன மருந்து அண்ணே?"

"ஸ்டீராய்டு. வலிக்குக் குடுக்கிறது. ஊசி கீசி போட்டியா?"

"இல்ல."

"கிளினிக்ல மாத்திர?"

"தலவலி மாத்திரகூட உங்கள கேட்டுட்டுத்தான முழுங்குவேன்."

அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் முகம் அப்படிச் செத்துக் கிடந்தது. "எங்கேருந்து வந்துச்சுன்னு காட்ட முடியலன்னா ரெண்டு வருஷம் தடை. அதோட போவல. அன்னிக்கு நம்ம ஜெயிச்சது செல்லாது லா. படகுல இருந்த அத்தன பேருக்கும்."

கண்ணாடிக்கு வெளியே அவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நூர் ஃபாத்திஹா. படகில் தனுஜாவுக்கு முன் இருக்கை அவளுடையது. தேர்வுப் போட்டிக்கு முந்தின வாரம் அவள்தான் கேட்டாள்: "அக்கா, பழைய தோள எங்க வித்தீங்க? புதுசு எந்தக் கடை? எனக்கும் ஒண்ணு சொல்லி வைங்க லா." எல்லாரும் சிரித்தார்கள். தனுஜாவும் சிரித்தாள். அந்த வாரங்களில் அவளுக்குச் சிரிப்பு சுலபமாக வந்தது.

அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது வயதில் நீச்சல் குளத்தில் இறங்கியவள். பட்டர்ஃபிளை நீச்சலில் இரண்டு முறை நாட்டுக்காகப் போட்டியிட்டு இரண்டு முறையும் நான்காவதாக வந்தாள். நான்காவதாக வருகிறவளின் படத்தை யாரும் எடுப்பதில்லை. இருபத்தைந்தில் வலது தோள் விட்டுப்போனது. இனி அந்த நீச்சல் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஓராண்டு குளத்துப் பக்கமே போகவில்லை. அப்புறம்தான் சிவநேசன் அவளைத் தெலுக் பாஹாங் அணைக்குக் கூட்டிவந்து துடுப்பைக் கையில் கொடுத்தார். முதல் மாதங்களில் அவளால் யாருடனும் சேர்ந்து இழுக்க முடியவில்லை. குளத்தில் அவளுக்குத் துணை அடியில் ஓடும் கறுப்புக்கோடு ஒன்றுதான். தோற்றால் அவள் மட்டும் தோற்பாள். படகில் பார்க்க வேண்டியது முன்னால் இருப்பவளின் முதுகை. அந்த முதுகு குனியும்போது குனிந்து, நிமிரும்போது நிமிர்ந்து, தான் என்ற ஒன்றை அவள் மெல்ல மெல்லத் தண்ணீரில் விட்டாள். தேசிய அணிக்கு வந்தாள். பிறகு தோள் மறுபடியும் நோகத் தொடங்கியது. இந்த ஆண்டோடு முடிந்தது என்று அவளே நினைத்திருந்தபோது, வலி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. உடம்பு தன்மேல் இரக்கப்பட்டதாகவே அவள் நம்பினாள்.

பயிற்சிக்கு வரக்கூடாது என்றார்கள். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில், பதினோராம் மாடி வீட்டில், படுக்கையில் மல்லாந்து கிடந்து, தின்றதையும் குடித்ததையும் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தாள். மூடி திறந்திருந்த போத்தலை அவள் வாயில் வைத்ததில்லை. கண்ணை விட்டு ஒரு நிமிடம் அகன்ற தண்ணீரையும் கீழே ஊற்றிவிடுவாள். குளத்தில் சேர்ந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. கல்யாண வீட்டில் பாயசத்தைத் தொடாமல் வந்து ஏச்சு வாங்கியிருக்கிறாள். எங்கே தவறினோம் என்று தெரியவில்லை. ஒருவேளை தன் நினைவுதான் பொய் சொல்கிறதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

மறுநாள் காலை, எப்போதும் ஓடப் போகும் நேரத்தில் வீட்டிலேயே இருந்ததால், அவள் சமையலறைக்குப் போனாள். அம்மா வடிவம்மாள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடையில், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இரண்டு குவளைக் கோப்பி. விரல் நகங்களால் ஒரு கேப்சூலைப் பிளந்து, பழுப்புத் தூளைப் பாதி ஒன்றிலும் பாதி மற்றொன்றிலும் தட்டினாள். பிறகு ஒரு குவளையில் மட்டும் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

"என்னம்மா அது?"

திரும்பிய வடிவம்மாள் முகத்தில், மாங்காய் திருடி மாட்டிய சிறுமியின் சிரிப்பு. "பாத்துட்டியா. சரி, விடு. என் மூட்டுக்கு வாங்குறதுதான். சிம்பாங் அம்பாட் பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில. வெறும் மூலிக."

"எத்தன நாளா?"

"நீ தூக்கத்துல தோளப் புடிச்சிக்கிட்டு மொனகுனியே, அப்பேருந்து. சொன்னா குடிப்பியா நீ? காய்ச்சலுக்கு கசாயம் வெச்சாலே போட்டோ எடுத்து எவனுக்கோ அனுப்புற ஆளு. சீனி ஏன் இவ்ளோன்னு தெனம் சண்ட போட்டியே, கசப்பு தெரியக்கூடாதுன்னுதான்." சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்புப் பொங்கியது. "வலி போச்சா இல்லையா? அத சொல்லு மொதல்ல."

தனுஜா அம்மாவைப் பார்த்தாள். இத்தனை வருடப் போட்டிகளிலும் வடிவம்மாள் செய்ய முடிந்தது, மேல்வரிசையில் துண்டும் பையுமாக உட்கார்ந்திருப்பது மட்டும்தான். மின்பலகையில் ஓடும் எண்கள் அவளுக்குப் புரிந்ததில்லை. மகள் முகத்தைப் பார்த்துத்தான் வெற்றியா தோல்வியா என்று தெரிந்துகொள்வாள். முதன்முறையாக அவள் கையால் செய்த ஒன்று மகளை ஜெயிக்க வைத்திருக்கிறது.

"போச்சும்மா" என்றாள் தனுஜா.

தொழிற்சாலைப் பேருந்து கிளம்பும் சத்தம் கீழே கேட்ட பிறகுதான் கோப்பியைத் தொட்டியில் ஊற்றினாள். பிறகு சிவநேசனுக்குப் போன் செய்தாள். பார்த்ததைச் சொன்னாள்.

"அம்மாவ கோலாலம்பூருக்கு, விசாரணைக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றார். "மூணு பேர் உக்காந்து கேப்பாங்க. அவங்க வாயால சொல்லணும், அந்த பாக்கெட்டயும் காட்டணும். ஒரு வருஷமா கொறையலாம். கொறையாமயும் போலாம். பெத்தவங்க குடுத்தாலும் உன் பொறுப்புதான்னுதான் சட்டம்."

"அம்மாவுக்குத் தெரியாது அண்ணே."

"என்ன தெரியாது?"

"எதுவுமே."

"அவங்களும் அதத்தான் குடிக்கிறாங்களா? நிறுத்தச் சொல்லு. மூலிகன்னு சொல்லி உள்ள எதையோ கலந்து விக்கிறானுங்க. கிட்னி போயிடும்."

நிறுத்து என்றால் ஏன் என்று அம்மா கேட்பாள். விஷம் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். எங்கே தொடங்கினாலும் பேச்சு அந்தக் காருக்குள்தான் போய் முடிந்தது. ஒவ்வொரு மாலையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வீங்கிய முகத்தோடு வேலை முடிந்து வந்த அம்மா, மூட்டு நோவே இல்லை என்று நடந்து காட்டும்போது, நாளைக்கு என்று நினைத்தாள். கோப்பியைத் தொட்டியில் ஊற்றத் தொடங்கிய நாலாம் நாள் வலி திரும்பி வந்தது, தன் வீட்டுக்கு வருவதைப்போல. சட்டை மாட்டவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. செய்தி அணிக்குத் தெரிந்துவிட்டது. ஃபாத்திஹாவிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "ஏன் அக்கா?" தனுஜா போனைக் கவிழ்த்து வைத்தாள். படகில் வென்ற அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். கடைசி இருநூறு மீட்டரில் தோளுக்குள் இருந்த லேசு. அதுவும் தன்னுடையதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வந்தபோது வாசலில் பெண்களின் செருப்புகள். கூடத்தில் ஜெகதீஸ்வரி அக்காவும் இன்னும் மூன்று பேரும், எல்லாரும் தொழிற்சாலைப் பேருந்தில் அம்மாவோடு போகிறவர்கள். மேசையில் அந்தக் கேப்சூல் அடைத்த பச்சைநிறப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன.

"இந்தா, வந்துட்டா. நீங்களே கேளுங்க" என்றாள் வடிவம்மாள்.

"பஸ் பூரா உங்கம்மா பேச்சுதான், தனு" என்றாள் ஜெகதீஸ்வரி. "என் பொண்ணு ஜெயிச்சதே என் கோப்பியிலதான்னு ஒரே அலட்டல். எனக்கு முழங்கை தூக்கவே முடியலமா, லைன்ல நின்னு நின்னு. நெசமாவே கேக்குதா?"

தனுஜா வாயைத் திறந்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்த நால்வரின் முகங்களைத்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், மின்பலகையை வாசிக்கத் தெரிந்துவிட்டவள்போல.

"அம்மா, இது..."

"வெக்கப்படுறா. கையத் தூக்கிக் காட்டு தனு. சும்மா, ஒரு தடவ."

தோளுக்குள் எதுவோ அறுந்து இழுபட, கை மேலே போனது. தோளைத் தாண்டி, காதை ஒட்டி, கூரை விசிறியின் காற்று விரல்களில் படும் உயரத்துக்கு. யாரோ ஐயோடி என்றார்கள். முதுகில் வேர்வை கோடாக இறங்கியது. கையை இறக்காமல் அவள் நின்றாள். ஜெகதீஸ்வரி ஒரு பொட்டலத்தை எடுத்து, அதன் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.