மனமகிழ் அறைத் திறப்புவிழா

பள்ளியில் புதிதாகத் திறந்த மனமகிழ் அறைக்குள் நுழைந்ததுமே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. மெத்துமெத்தென்ற இருக்கைகள், சுவரெல்லாம் மேகங்கள், மூலையில் குட்டி நீரூற்று. கூட்டத்துக்கு வந்த பெற்றோர்கள் வாயைப் பிளந்தார்கள். அவர்களில் ஒருத்தியான அவளுக்கோ குமட்டியது.

எதையும் தொடக் கூசுகிற ஆள் இல்லை அவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ரத்தமும் சீழும் படிந்த விரிப்புகளை நாளெல்லாம் அள்ளுபவள். ஆனால் கூட்டத்துக்கு முன் மகளின் வகுப்பு இருக்கும் மாடியில் கழிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. பீங்கான் நிரம்பித் தரையெல்லாம் வழிந்து கிடந்தது. கதவுகளுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மகளுக்காகக் கதவைப் பிடித்துக்கொள்ளும் தோழி வராத நாளில் வீடு வரும்வரை அடக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்தே மகள் பள்ளியில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று இரண்டாம் முறையும் வந்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பிள்ளைகளின் மனநலத்துக்குப் பள்ளி இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். கேட்க வேண்டுமா? ஒருவர் தியான வகுப்பு வேண்டும் என்றார். இன்னொருவர் பிள்ளையின் மனநிலையை அன்றாடம் செல்போனுக்கு அனுப்பச் சொன்னார். நகைக்கடை வைத்திருக்கும் ஓர் அப்பா, ஒரு நாய்க்குட்டி வளர்க்கலாமே என்றார். கொஞ்சினால் மனப்பாரம் குறையுமாம். தூ, இதெல்லாம் ஒரு பேச்சா என்றிருந்தது அவளுக்கு.

எழுந்தாள்.

"பொம்பளப் பிள்ளைங்க கழிப்பறைய யாராவது போய்ப் பாத்தீங்களா? மூக்கப் பிடிச்சுக்கிட்டுகூட நிக்க முடியல."

டீயும் பிஸ்கட்டும் வருகிற நேரத்தில் இந்தப் பேச்சு தேவையா என்று நகைக்கடைக்காரர் முகம் சுளித்தார். தலைமையாசிரியை சிரிப்பு மாறாமல் பக்கத்தில் வந்து, தோளில் கைவைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"நாளையிலேருந்து உங்க பொண்ணு மட்டும் டீச்சர்ஸ் கழிப்பறைக்குப் போகட்டும். நான் சொல்லி வைக்கிறேன். வெளிய யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க."

மற்ற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. அதற்குள் டாக்டரின் முகம் கண்முன் வந்து நின்றது.

"ரொம்ப நன்றிங்க மேடம்."

சொன்னது தன் வாய்தான் என்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தலைமையாசிரியை முன்னால் போய்க் கூட்டத்தை முடித்துவைத்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். வீட்டுக்குப் போனதும் மகளிடம் நல்ல செய்தி சொல்ல வேண்டும். உன் தோழிக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும்.