ரோஜாவைப் பிடுங்கிப் போடு

1

இந்தக் கதை மாடிப்படியில் கிடைத்தது. மின்தூக்கி வழக்கம்போல் பழுது. மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தேன். மேல்வீட்டுப் பெண் படியில் உட்கார்ந்து போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, உன் கால்ல வேணா விழறேன். அந்த ரோஜாவைப் பிடுங்கிப் போடு!"

ஒரு பூச்செடிக்காகவா இப்படி மல்லுக்கு நிற்கிறாள்? வீட்டுக்குள் போனதும் எழுத ஆரம்பித்தேன்:

அண்ணன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு ரோஜாச்செடி இருந்தது. அதன் முள்

அந்த முள்ளோடு நின்றது. மறுநாள் அவளையே கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். அது மண்ணில் முளைத்த ரோஜா இல்லையாம்.

2

(கொஞ்சம் விளக்கம். இதை எங்கே வைப்பது என்று மூன்று வரைவுகளில் தடுமாறினேன். இங்கேயே இருக்கட்டும்.)

உலாவியில் திறந்து மின்னஞ்சல் கடிதம் படிக்கும் மென்பொருள் ஒன்றைப் பராமரிப்பது அவள் வேலை. சின்ன அலுவலகங்கள் பலவும் அதை இலவசமாக எடுத்துத் தங்கள் கணினியில் நிறுவிக்கொள்கின்றன. அதில் ஓர் ஓட்டை இருந்தது. கடிதத்தோடு இணைத்து அனுப்பும் கோப்பின் பெயரை ஒரு மாதிரியாக எழுதினால், பெற்றுக்கொள்ளும் கணினி அதைப் பெயர் என்று படிக்காது. கட்டளை என்று எடுத்துக்கொண்டு கைகட்டி நிறைவேற்றும். பிறகு அனுப்பியவன் வைத்ததுதான் சட்டம். உள்ளே உள்ள கடிதம் எல்லாவற்றையும் படிக்கலாம், எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

அவளும் கூட்டாளிகளும் அடைத்துவிட்டார்கள். அடைப்பது எளிது, சொல்வதுதான் தலைவலி. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று அறிவித்தால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவனுக்கும் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். அறிவிக்காவிட்டால் யாரும் நிறுவமாட்டார்கள்.

"ஊரைக் கூட்டி வெச்சு, எங்க பின்கதவுக்கு இன்னிக்குத்தான் தாழ்ப்பாள் போட்டோம், உங்க வீட்லயும் இதே கதவுதான்னு சொல்ற மாதிரி அக்கா," என்றாள். "திருடன் உடனே கிளம்பிடறான். வீட்டுக்காரன்தான் கொட்டாவி விடறான்."*

அப்படிக் கொட்டாவி விட்டவர்களில் அவளுடைய சொந்த அண்ணனும் ஒருவன். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் அவள் மென்பொருள் வழியாகத்தான் போகின்றன. அதன் முகப்புப் பக்கத்தில் கூடத்து முதலாளி ஒரு ரோஜாப் படம் கேட்டார். அண்ணன் அதைத் தனியாக வைக்காமல், மென்பொருளின் வயிற்றைக் கிழித்து உள்ளேயே ஒட்டிவிட்டான். புதிய பதிப்பை நிறுவினால் பழைய கோப்பு போகும், ரோஜாவும் போகும். அதனால் நிறுவுவதையே விட்டுவிட்டான்.

* இதை எழுதும்போது என் போனும் 'புதுப்பிக்கவா?' என்று கேட்டது. 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுத்தான் அவளுடைய அண்ணனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

3

போனில் பயனில்லை என்று அவள் நேரிலேயே போனாள். கூடத்து வரவேற்பு மேசைக்கு மேலே ஒரு பலகை: 'முடிவுகள் சம்பந்தப்பட்டவரிடம் மட்டுமே தரப்படும்.' அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அண்ணனின் சேவையகம், அந்த மென்பொருள் ஓடும் கணினி, படிக்கட்டுக்கு அடியில், ரத்தக் குப்பிகள் வைக்கும் குளிர்பெட்டிக்கும் தரை துடைக்கும் வாளிக்கும் நடுவே இரைந்துகொண்டிருந்தது.

"என்னடி, படையெடுத்தே வந்துட்ட?"

"போன்ல சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடற. அப்டேட் பண்ணு."

"ஓடிட்டிருக்கிற வண்டியை நிறுத்தி எவனாவது டயர் மாத்துவானா?"

"பஞ்சர்னு தெரிஞ்சா மாத்துவான்."

"பஞ்சரோட குடுத்தது யாரு? நீங்கதானே?"

(முதல் வரைவில் இதற்கு அவள் சுடச்சுட ஒரு பதில் சொன்னாள். நான் எழுதிக் கொடுத்தது. எனக்குப் பிடித்த வரி. அவள் படித்துவிட்டு அடித்துவிட்டாள். "அவன் கேட்டது நியாயம் அக்கா. அங்க நான் வாயே திறக்கலை.")

"சரி," என்றாள். "ரோஜாவைத் தனி ஃபோல்டர்ல வெச்சுத் தரேன். எத்தனை தடவை அப்டேட் பண்ணாலும் அசையாது."

"தொடாதே. போன தடவை அப்டேட்ல அது காணாமப் போனப்ப, முதலாளி எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வெச்சு 'பூ எங்கய்யா?'ன்னாரு. அது அவரு பொண்ணு வரைஞ்சது. உனக்கு அது படம். எனக்கு அது வேலை."

"அந்தப் பொண்ணோட ரத்த ரிப்போர்ட்டும் இதே மெஷின்லதானே இருக்கு? பாஸ்வேர்ட் குடு. நானே பண்றேன்."

"உனக்கா? யார் கேட்டாலும் குடுக்காதேன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

அவள் வாளியை ஓர் உதை உதைத்துவிட்டு வந்துவிட்டாள்.

4

இனி முடிவு.

முதல் முடிவு: அண்ணன் அன்று மாலையே மனம் மாறுகிறான். படித்துப் பார்த்தவள், "அக்கா, இது கதையா, மாயாஜாலமா?" என்றாள். கிழித்தேன்.

இரண்டாம் முடிவு: திருடன் புகுந்து எல்லோருடைய ரத்தத்தையும் சந்தி சிரிக்க வைக்கிறான். பாதி எழுதும்போது உறைத்தது: போன மாதம் நானும் அங்கேதான் ரத்தம் கொடுத்தேன். என் முடிவும் அந்தச் சேவையகத்துக்குள்தான் இருக்கிறது. பேனா நகர...

மூன்றாவது, நான் எழுத விரும்பியது: அந்த ஓட்டையை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஒரு கடிதம், ஒரு கோணல் பெயருள்ள கோப்பு. உள்ளே போய், அடைத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்துவிடலாம். வேறு இடங்களில் திருடர்கள் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டதாகக் கூட்டாளிகளிடமிருந்து தகவல் வந்துகொண்டிருந்தது. ஏன் தயங்க வேண்டும்? மாடிப்படியில் மறித்துக் கேட்டேவிட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கேக்காம உள்ள போறவளுக்குப் பேரு திருடி அக்கா. பூட்டத்தான் போனேன்னு சொன்னா எவன் நம்புவான்? நாளைக்கு நாங்க செய்யற கதவை எவன் வீட்ல மாட்டுவான்?"

"அப்போ சும்மா இருக்கப் போறியா?"

"நீங்க கதையை முடிங்க. எனக்குத் தலை வலிக்குது," என்று மேலே ஏறிப் போனாள்.

5

இரண்டு நாள் கழித்துக் கூடத்தின் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ரோஜா இருந்தது. ஒரு குழந்தை வரைந்த, தண்டைவிடப் பெரிய பூ. அதற்குக் கீழே பொடி எழுத்தில் மென்பொருளின் பதிப்பு எண். புதிய எண்.

பரிசோதனைத் தாளை வாங்கும் சாக்கில் அண்ணனிடம் போனேன். "அப்டேட் பண்ணிட்டீங்க போல?"

"நானா? நான் தொடவே இல்லையே," என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

தங்கையிடம் கேட்டேன். "நானா? என்கிட்ட பாஸ்வேர்டே இல்லையே."

அண்ணன் செய்திருக்கலாம். செய்திருந்தால், தங்கையிடம் தோற்றதை உயிர் போனாலும் ஒப்புக்கொள்ளமாட்டான். அவள் செய்திருக்கலாம். செய்திருந்தால் அவளால் ஒப்புக்கொள்ளவே முடியாது. ஒரு வரி எழுதினால் இந்தக் கதை முடிந்துவிடும். ஆனால் அவள் அறிவிப்புக்கு நேர்ந்ததுதான் என் வரிக்கும் நேரும்: அடைத்தது யார் என்று சொன்னால், எந்த வழியாக வந்தார் என்பதும் சேர்ந்தே வெளியாகிவிடும்.

அந்த வரியை எழுதிப் பார்த்தேன். எழுதி, அழித்தேன். கடைசி வரைவை மேல்வீட்டில் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, அழித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு திருத்தமும் இல்லாமல் அவள் திருப்பித் தந்த பக்கம் அது ஒன்றுதான்.

உங்களுக்கும் முடிவு வேண்டும்தான். பரிசோதனைக் கூடத்தில், வரவேற்பு மேசைக்கு மேலே, 'முடிவுகள்' என்று தொடங்கும் அந்தப் பலகை இருக்கிறது. இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.