சந்தனம் பூச ஆளில்லாத தலை

1

“மொட்டை போட்ட தலைக்குச் சந்தனம் பூச ஆளே இல்லன்னா என்னா பண்ணுவாங்க, அனு?”

அக்கா வீட்டுக்காரர் தீனதயாளன் பாவா கேட்ட இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் இந்தக் கதை. அனுராதா ஒன்பதாவதோடு நின்றவள், பேசுவதற்குப் பதில் எழுதுவாள். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

2

தாய்லாந்தின் காடு அடர்ந்து, பச்சைப் பசேலென்று— (அடித்துவிட்டாள். அவள் அதிகபட்சம் போன தூரம் சென்னைதான்.)

பாவாவுக்குத் திருத்தணியில் பெயிண்டுக் கடை. பெயிண்டுக் கம்பெனி டூரில் அவரோடு பாங்காக் போன கடைக்காரர்களை ஒருநாள் காஞ்சனபுரிக்குக் கூட்டிப்போனார்கள். உலகப்போரில் ஜப்பான்காரர்கள் ரயில்பாதை போட்ட இடம். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே செத்தார்கள்.

தண்டவாளத்தோரம் எலும்பும் தோலுமாக ஒருவர் குந்தியிருந்தார். மழித்த தலை. திருத்தணிக்காரர் கண்ணுக்கு மொட்டை ஒரு விஷயமா?

“முடி எறக்கினீங்களா?”

“ஆங். சந்தனம் பூசத்தான் ஆளில்ல.”

“நம்ம ஊருக்கு வாங்க, நான் பூசி வுடறேன்.”

பஸ் ஏறிய பிறகுதான் பாவாவுக்கு உறைத்தது: அந்தக் காட்டில் தமிழில் பதில் சொன்னது யார்?

(பாவா கதை விடுகிறாரோ? அனுராதாவுக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து அவர் தனியாக வரும்போது பைக்கின் பின்சக்கரம், ஆள் உட்கார்ந்ததுபோல அழுந்தியிருக்கிறது. அவளே பார்த்தாள். அக்காவும் பார்த்தாள், குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.)

3

“நீ எழுதறது எனக்குத் தெரியும்,” என்றார் பாவா, அம்மா வீட்டு வாசலில் நின்று. “அவரக் கதையில எழுதி எப்டியாவது அனுப்பி வுடு. உங்கக்கா வூட்டுக்கு வரமாட்டேன்றா.”

“நீங்களே பூசிடுங்களேன்.”

“கிண்ணத்துல சந்தனம் தேய்ச்சி வெச்சிகினுதான் நிக்கறேன். தலை தெரியலியே.”

முதல் முடிவு: அவர் மலையேறினார். யாரோ சந்தனம் பூசினார்கள். (யாரோவா? வாக்குக் கொடுத்தது பாவா.)

இரண்டாவது: அவர் அந்தக் காட்டுக்கே திரும்பி— (கை வரவில்லை.)

மூன்றாவது, ஒரே வரி. அதைப் பாவாவிடம் நீட்டினாள்:

‘வாசல் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.’

பாவா படித்தார். கிண்ணத்துச் சந்தனத்தை அள்ளி, காலி நாற்காலிக்கு மேலே உள்ளங்கையை மெதுவாக வட்டமாக ஓட்டினார். கையை எடுத்தபோது அதில் சந்தனம் இல்லை. தரையிலும் இல்லை.

உள்ளே அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாவா கேட்டைத் திறந்து, தனக்கு முன்னால் ஓர் ஆள் வெளியே போகிற அளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பைக்கை எடுத்தார்.

பின்சக்கரம் அழுந்தியிருக்கிறதா என்று அனுராதா பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள், அக்கா என்ன செய்வாள் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.