லேசர் தொப்பியும் உச்சந்தலையின் நான்கு படங்களும்

1

இந்தக் கதை முளைத்த இடம் என் தலை. பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே தலையின் மேல்பக்கத்தில், முடி விடைபெற்றுப் போன அந்த வெட்டவெளியில்தான் முளைத்தது.

புதுப் புத்தகத்தின் பின்னட்டைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. தெருமுனை ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன். மறுநாள் கவரைப் பிரித்தால் உள்ளே என் மூக்கு இருந்தது, என் கண்ணாடி இருந்தது, என் சட்டை இருந்தது. தலை மட்டும் வேறு யாருடையதோ. கருகருவென்று முடி. நெற்றிக்கு மேலே ஒரு கற்றை கொக்கி போல வளைந்து வேறு நின்றது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டிருந்தார்கள்.

சண்டைக்குக் கிளம்பினேன். ஸ்டுடியோவின் உள்ளறையில் ஸ்டுடியோ அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் வெள்ளையாக, கவிழ்த்த பாத்திரம் போல ஒரு தொப்பி. அதன் விளிம்பிலிருந்து சிவப்பு வெளிச்சம் கசிந்து காது இரண்டும் பழுத்த மாதிரி தெரிந்தன.

"இருபத்தஞ்சு நிமிஷம், தம்பி. பேசலாம், ஆனா தலையை ஆட்ட மாட்டேன். தொப்பி நழுவிடும்" என்றார்.

அவ்வளவுதான். எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது. மூன்று மாதமாக ஒரு வரி எழுதாதவனுக்குக் கண்ணெதிரே ஒரு கதை, அதுவும் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2

வீட்டுக்கு ஓடிவந்து எழுதிய முதல் தொடக்கம்:

"அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது" (கண்ணாடியில் தொடங்கும் கதைகளை நானே படிக்க மாட்டேன். நிறுத்தியாயிற்று.)

இரண்டாவது:

"செடியை வளர்ப்பது ஒளி. அப்படியென்றால் முடியை மட்டும் ஏன்" (அறிவியல் கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம். இங்கே வேண்டாம்.)

மூன்றாவதாக, விஷயத்தை அப்படியே சொல்லிவிடுகிறேன். தொப்பியின் உட்புறம் முழுக்கச் சின்னச் சின்ன லேசர் விளக்குகள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இருபத்தைந்து நிமிடம். சுடாது, வலிக்காது. தோல் மருத்துவர் ஒருவர் அண்ணனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறார்: தூங்குகிற வேரை இந்த ஒளி எழுப்பலாம், செத்த வேரை எழுப்பாது, எல்லோருக்கும் பலன் வராது, ஆறு மாதம் முடியாமல் வந்தது வரவில்லை என்று பேசவே கூடாது.*

"வந்தால் மலை, போனால் மயிர்தானே அண்ணே" என்று கேட்டேன், பழமொழி கையோடு கிடைத்த உற்சாகத்தில்.

"அது போகக் கூடாதுன்னுதானே தம்பி உக்காந்திருக்கேன்" என்றார், தலையை ஆட்டாமல்.

(* முதல் சில வாரங்களில் இருக்கிற முடியும் கொஞ்சம் கொட்டலாம் என்றும் மருத்துவர் சொன்னார். கதை எழுதும் அவசரத்தில் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டேன். மேலே இருந்திருக்க வேண்டிய செய்தி.)

3

இப்போது ஒரு சந்தேகம். என் கதாபாத்திரம் சரியில்லை.

ஐம்பத்தெட்டு வயது. பதினைந்து வருட வழுக்கை. வெளியே போனால் துணித் தொப்பி. இவருக்கு இப்போது எதற்கு முடி? முதல் வரைவில் ஆசாபாசம் பிடித்த மனிதராக எழுதி, அவரை இரண்டு பக்கம் கேலியும் செய்திருந்தேன். நல்ல கேலி, எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் எங்கேயோ இடித்தது. நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"எனக்கில்ல தம்பி. பாப்பாவுக்கு" என்றார்.

பாப்பா என்பவர் அவருடைய ஒரே மகள். வயது இருபத்தாறு, பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருடம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு உச்சந்தலையில் முடி கொட்ட ஆரம்பித்து நிற்கவே இல்லை. கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுத வேண்டும். எழுத வேண்டுமென்றால் நாற்பது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். கொஞ்ச நாள் பக்கவாட்டில் நின்று, பலகையைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார். சமன்பாடெல்லாம் கோணல் மாணலாக இறங்கியிருக்கிறது. ஒரு நாள் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பது தெரியாது. அன்றைக்கே நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

லேசர் தொப்பியைப் பற்றி மருத்துவர் சொன்னபோது, "அப்பா, முதல்ல உங்க தலையில முளைக்கட்டும். அப்புறம் நான் போட்டுக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது. அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

கேலிப் பக்கங்கள் இரண்டையும் கிழித்துப் போட்டேன். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு, நல்ல கேலி.

4

இனி படங்கள். இங்கேதான் கை பரபரக்கிறது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அண்ணன் அதே முக்காலியில், அதே விளக்கின் கீழ், மோவாய் நெஞ்சில் படக் குனிந்து உட்காருவார். ஸ்டாண்டில் நிறுத்திய கேமரா தானாகவே உச்சந்தலையைப் படமெடுக்கும். அண்ணி (அண்ணனின் மனைவி, ஸ்டுடியோவில் கணினி வேலை முழுக்க அவர்தான்) அதை ஒரே அளவில் வெட்டி அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார்.

முதல் படம்: வெறும் தரை. இரண்டாவது மாதப் படம்: ஏதோ நிழல் தட்டுகிறது. அதைப் பார்த்த அன்றே டீச்சர் தனக்கும் ஒரு தொப்பி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். எட்டாவது வாரத்தில் அவருக்கு முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. சீப்பையும் தொப்பியையும் சேர்த்துக் கட்டிலில் எறிந்துவிட்டு, "போதும்ப்பா, இருக்கிறதாவது இருக்கட்டும்" என்று அழுதிருக்கிறார். அந்த வாரம்தான் அண்ணனின் நான்காவது மாதப் படம் சுவருக்கு வந்தது. நிழல் இப்போது முடி. டீச்சர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, மறுபடி தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஆறாவது மாதப் படம் ஒட்டப்பட்ட நாளில் நானும் அங்கே இருந்தேன். என்ன அடர்த்தி! என் நோட்டில் "முளைத்துவிட்டது" என்று எழுதி, கீழே மூன்று கோடு போட்டேன். எனக்கும் ஒரு தொப்பி வாங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தால், நான்காவது படத்தில் ஒரு கற்றை கொக்கி போல வளைந்து நின்றது.

5

பையிலிருந்து என் பின்னட்டைப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே கொக்கி. முன்னறைக்குப் போய்க் கண்ணாடிக்குள் வரிசையாக இருந்த மாதிரிப் படங்களைப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஒரு பாட்டுக்காரர். எல்லோர் தலையிலும் அதே கொக்கி.

"அண்ணி, இந்த முடி யாரோடது?"

"எது? ஓ, அதுவா. பாப்பாவோடது. பத்தாவது படிக்கிறப்ப எடுத்த படத்துலேர்ந்து வெட்டி வெச்சிருக்கேன். என்ன அடர்த்தி தெரியுமா அப்ப. யாருக்கு வெச்சாலும் ஒத்துப்போகும்."

நான் சுவரைக் காட்டினேன். அண்ணி கிட்டப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நான் வைக்கலையே தம்பி" என்றார். கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெச்சிருக்கேன் போல."

இருபத்திரண்டு வருட வேலை. திரையில் ஒரு முகம் வந்தால் பரு போகும், ஒரு தலை வந்தால் இடைவெளி நிரம்பும். கை அதன்பாட்டுக்குச் செய்துவிடும், மனம் குழம்புக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும். போன படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டியதால், ஒவ்வொரு முறையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பியிருக்கிறார்.

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரே வீட்டில் இருக்கிற மனைவியும் மகளும் அந்தத் தலையைப் பார்த்திருக்க மாட்டார்களா? நானும் கேட்டேன்.

"பாத்தேன் தம்பி. படத்துல இவ்வளவு தெரியுதே, நம்ம கண்ணுக்குத்தான் சரியா தெரியலன்னு நெனச்சேன். பாப்பாவும் அப்படித்தான் நெனச்சிருப்பா."

சிரிக்க வேண்டாம். இரண்டு வாரமாக அந்தத் தலைக்கு எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, படத்தைப் பார்த்து மூன்று கோடு போட்டவன் நான்.

கேமராவின் கார்டில் கை படாத அசல்கள் இருந்தன. திறந்தார்கள். ஆறாவது மாதத் தலையும் முதல் நாள் தலையும் ஒன்றுதான். அண்ணன் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"பதினஞ்சு வருஷமா பூட்டிக் கிடந்த கடை" என்றார். "எனக்குப் போனாப் போகுது விடு. ஆனா அவ இத நம்பித்தான மாட்டிக்கிட்டு இருக்கா."

அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சருக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது, ஆறுக்கு இன்னும் இரண்டு பாக்கி. இப்போது சொன்னால் தொப்பியைக் கழற்றி எறிந்துவிடலாம். சொல்லாவிட்டால், பெற்றவர்கள் சேர்ந்து ஏமாற்றியதாக ஆகும்.

6

முடிவு அ: யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் டீச்சருக்கு முடி வந்தது. எல்லாம் சுபம். (வராவிட்டால்? அந்தப் பக்கத்தை எழுத எனக்குத் தைரியம் இல்லை.)

முடிவு ஆ: சொன்னார்கள். டீச்சர் தொப்பியை எடுத்து ஜன்னல் வழியாக (இல்லை. அவர் கட்டிலில்தான் எறிவார். கட்டிலில் எறிகிறவர் மறுபடி எடுப்பார். இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எனக்குப் பிடித்திருப்பதால் மட்டும் உண்மையாகிவிடாது.)

முடிவு இ: ஏழாவது மாதம் அண்ணனுக்கே நிஜமாக முளைத்துவிடுகிறது. இதை நான்கு பக்கம் ஒரே மூச்சில் எழுதி, சூடு ஆறுவதற்குள் அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களும் என்னை மாதிரியேதான் தம்பி. கேக்காமலே வெச்சு விடுறீங்க."

நான் அந்த நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணன்தான் பேச்சை எடுத்தார்.

"தம்பி, நடந்ததை நடந்த மாதிரி எழுதிக் குடுங்க. பாப்பா கதைன்னா படிப்பா. எங்க ரெண்டு பேருக்கும் வாய் வராது."

7

டீச்சர், இது உங்களுக்கு. இதுவரை "நீங்கள்" என்று நான் பேசியதெல்லாம் உங்களோடுதான்.

உங்கள் அப்பாவுக்கு முளைக்கவில்லை. உங்கள் அம்மா வேண்டுமென்று செய்யவில்லை. இந்த இரண்டையும் சொல்லத்தான் ஆறு பகுதி சுற்றிவந்தேன், மன்னிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நேற்று நானே மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அப்பாவின் தலையை வைத்து உங்கள் தலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார். உங்களுக்குக் கொட்டத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை.

தொப்பி வைத்த முதல் நாள் அப்பா உங்கள் உச்சந்தலையை ஒரு படம் எடுத்தார் அல்லவா? போன வாரம் அதே முக்காலியில் இன்னொன்று. இரண்டும் இந்தத் தாள்களோடு இருக்கும் கவருக்குள், ஒரே கார்டில் உள்ளன. அம்மாவின் கணினிக்கு அவை போகவில்லை. அப்பாவும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. "பாத்தா என் கையும் சும்மா இருக்காது" என்றார். நான் மட்டும் பரபரப்புத் தாங்காமல் கவரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கார்டுக்குள் இருப்பது அப்படித் தெரியாது என்று எனக்கும் தெரியும்.

வேலைக்குத் திரும்புவீர்களா என்று மாதக் கடைசிக்குள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னார். கார்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வீர்களோ, பார்க்காமலே போய்ப் பலகைக்குத் திரும்பி நின்று எழுதுவீர்களோ, கோபத்தில் எங்கள் மூவரோடும் பேசாமல் இருப்பீர்களோ. எதுவானாலும் நியாயம்தான்.

பின்னால் இரண்டு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். எட்டாவது பகுதியை நீங்கள் எழுதுங்கள். ஒரு எழுத்தைக்கூட நான் திருத்த மாட்டேன்.

(மற்றவர்களுக்கு: இது அச்சில் உங்கள் கைக்கு வந்திருந்தால் டீச்சர் சம்மதித்திருக்கிறார் என்று பொருள். அந்த இரண்டு தாளை அவர் திருப்பித் தரவில்லை.)